மூன்றாம் நாள் இரவு பக்கத்தில் யார்? குடிநோயாளிக்குச் சிகிச்சை முடிவெடுக்கும் டெல்டா மருத்துவருக்கு ஓர் ஒப்பீடு

அவர் கட்டிலில் உட்கார்ந்து நாற்றுப் பறித்துக்கொண்டிருந்தார். போர்வையின் ஓரத்தை இடது கையில் சேர்த்துப் பிடித்து, வலது கையால் இல்லாத பயிரை வேரோடு பிடுங்கி, மாவுக்கட்டுப் போட்ட காலில் தட்டி மண் உதிர்த்து, முடியாகக் கட்டித் தலையணை ஓரம் அடுக்கினார். இரவு இரண்டு மணி. உடம்பெல்லாம் வியர்வை. நாடி நூற்று முப்பதைத் தாண்டியிருந்தது. "தண்ணீர் வந்துவிட்டது, சீக்கிரம் பறியுங்கள்" என்று பக்கத்துக் கட்டில்காரரை அவசரப்படுத்தினார்.

நான் அப்போது பயிற்சி மருத்துவர். வரப்பில் வழுக்கி விழுந்து கால் முறிந்து, மூன்று நாட்களுக்கு முன் சேர்ந்தவர் அவர். கேஸ் ஷீட்டை எழுதியவன் நான். அதில் இரத்த அழுத்தம் இருந்தது, சர்க்கரை இருந்தது, எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா என்ற கேள்வியும் இருந்தது. குடிப்பாரா, எவ்வளவு, கடைசியாக எப்போது என்பவை இல்லை. "தினமும் ஒரு ஆஃப் வேண்டும் ஐயா அவருக்கு. காலுக்குத்தானே வந்திருக்கிறோம் என்று நானும் சொல்லவில்லை" என்றார் வராந்தாவில் படுத்திருந்த மனைவி. கட்டிலோடு கட்டிப் போடச் சொன்ன குரல்களுக்கு நடுவே மூத்த செவிலியர் ஒருவர் மட்டும், "இது பைத்தியம் இல்லை டாக்டர், குடி விட்ட ஜன்னி" என்றார். அவர் தெளிய நான்கு நாள் ஆயிற்று. கேட்க வேண்டிய மூன்று கேள்விகளை நான் கேட்டிருந்தால் அந்த நான்கு நாளும் வந்திருக்காது.

அன்றிலிருந்து, ஒரு குடிநோயாளியை எங்கே வைத்துப் பார்ப்பது, எந்த மருந்தைக் கொடுப்பது என்று முடிவெடுக்கும்போதெல்லாம் எனக்கு நானே இரண்டு கேள்விகள் கேட்டுக்கொள்கிறேன். மூன்றாம் நாள் இரவு இவர் பக்கத்தில் யார் இருப்பார்? முப்பதாம் நாள் காலை இவரை யார் பார்ப்பார்? தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களின் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் தாலுகா மருத்துவமனைகளிலும் புதிதாகச் சேரும் மருத்துவர்களுக்காக, எனக்குக் கைகொடுத்த ஒப்பீட்டை இங்கே எழுதுகிறேன்.

முதலில் கணக்கு

"கொஞ்சம்தான் ஐயா" என்ற பதிலோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. நம் ஊரில் அளவு குவார்ட்டரில் இருக்கிறது. நாமும் குவார்ட்டரில்தான் கேட்க வேண்டும். ஒரு குவார்ட்டர் 180 மில்லி. கடையில் விற்கும் பிராந்தியில் 42.8 சதவீதம் ஆல்கஹால். பெருக்கிப் பார்த்தால் ஏறக்குறைய 60 கிராம் சுத்த ஆல்கஹால் வருகிறது. பத்துக் கிராமை ஒரு அளவாக எடுத்துக்கொண்டால், "ஒரே ஒரு குவார்ட்டர்" என்பது ஆறு அளவு. ஐந்து சதவீதமுள்ள 650 மில்லி பீர் பாட்டிலில் சுமார் 25 கிராம். இந்தக் கணக்கை நோயாளியின் முன்னாலேயே சீட்டில் போட்டுக் காட்டுவேன். திட்டினால் தலையைக் குனிந்துகொள்பவர்கள் கணக்கைக் கண்டால் நிமிர்ந்து பார்க்கிறார்கள்.

காரைக்கால் பக்கத்தில் வேலை பார்ப்பவர்கள் இன்னொன்றும் கேட்க வேண்டும்: சரக்கு எங்கிருந்து? எல்லைக்கு அப்பால் விலை குறைவு என்பதால் அதே கூலிக் காசில் அளவு கூடிவிடுகிறது. கள்ளச்சாராயம் குடித்தாரா என்றும் கூச்சமில்லாமல் கேளுங்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பார்வை மங்குகிறது, மூச்சு வேகமாக வாங்குகிறது, வயிறு வலிக்கிறது என்று வருபவரை, குடியை நிறுத்தியதால் உடல் தடுமாறும் விலகல் நோயாளி என்று நினைத்துக் கட்டிலில் படுக்க வைத்துக் காத்திருக்கக் கூடாது. டயாலிசிஸ் வசதி உள்ள இடத்துக்கு அந்த நிமிடமே அனுப்ப வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் வகுத்த 'ஆடிட்' என்ற பத்துக் கேள்விப் படிவம் இருக்கிறது. மொத்தம் 40 மதிப்பெண். 8 வந்தால் ஆபத்தான குடி. 20 தொட்டால் அடிமைநிலை என்று சந்தேகிக்கலாம். அதைப் போட நேரமில்லாத நாளில்கூட ஒரு கேள்வியை விடாதீர்கள்: கடைசியாக எத்தனை மணிக்குக் குடித்தீர்கள்? இரவு கடை அடைக்கும் பத்து மணியை ஒட்டிக் குடித்தவருக்கு அதிகாலையில் கை உதறும். கடைசிக் குடியிலிருந்து ஆறு முதல் எட்டு மணி நேரத்தில் நடுக்கம். 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். 48 முதல் 96 மணி நேரத்துக்குள் ஜன்னி. அந்த ஜன்னியில் சிகிச்சை இல்லாத காலத்தில் மூன்றில் ஒருவர்வரை இறந்திருக்கிறார்கள். சிகிச்சை கிடைத்தால் இறப்பு நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே வந்துவிடுகிறது. டாஸ்மாக் கடை திறப்பது பகல் 12 மணிக்கு. காலை ஏழு மணிக்கே மறைவாக விற்பவரைத் தேடிக் கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறார் என்றால், அவரைப் பிடித்து இழுப்பது ஆசையைவிட நடுக்கம்தான்.

வீடா, வார்டா, மறுவாழ்வு மையமா?

வீட்டில் வைத்தே குடியை நிறுத்தலாம் என்றால் பலரும் முகம் சுளிக்கிறார்கள். 1989இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் முன்னாள் படைவீரர்கள் 164 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியை வார்டில் சேர்த்தும் மற்றவர்களைத் தினமும் வந்துபோகச் சொல்லியும் சிகிச்சை அளித்தார்கள். வார்டில் இருந்தவர்களில் 95 சதவீதம் சிகிச்சையை முடித்தார்கள். வந்துபோனவர்களில் 72 சதவீதம். ஆனால் ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது இரு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை. செலவோ பல மடங்கு வேறுபட்டது. கடுமையான விலகல் அறிகுறி இல்லாதவர்களை வைத்துச் செய்த ஆய்வு அது என்பதை மறக்கக் கூடாது. அதோடு, நம் பகுதியில் ஏழு நாள் வார்டில் கிடந்தால் ஏழு நாள் கூலி போகிறது. நடவு நாளிலும் அறுவடை நாளிலும் "சேருங்கள்" என்றால், தலையை ஆட்டிவிட்டு வெளியே போகிறவர் திரும்பி வருவதில்லை. 2019இல் வெளியான மத்திய அரசின் போதைப்பொருள் ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது. உள்நோயாளியாகச் சேர்ந்தவர் 180 பேரில் ஒருவர். வார்டு ஒன்றே வழி என்று சொன்னால் மீதி 179 பேரை அனுப்பிவிடுகிறோம் என்றுதான் பொருள்.

வீட்டுக்கு அனுப்பலாம் என்று நான் முடிவெடுக்க இவை எல்லாம் வேண்டும். முன்பு குடியை நிறுத்தியபோது வலிப்போ ஜன்னியோ வந்திருக்கக் கூடாது. காய்ச்சல், மஞ்சள் காமாலை, இரத்த வாந்தி, தலையில் அடி, தற்கொலை எண்ணம், தூக்க மாத்திரைப் பழக்கம் எதுவும் இருக்கக் கூடாது. வயதானவராக இருக்கக் கூடாது. மிக முக்கியமாக, குடிக்காத ஒருவர் ஐந்து நாள் கூடவே இருக்க வேண்டும். மனைவி நூறு நாள் வேலைக்குப் போய்விடுவார், மகன் திருப்பூரில் இருக்கிறான் என்றால் அது வீட்டுச் சிகிச்சை ஆகாது, தனியறைச் சிகிச்சைதான். விலகலை அடக்கும் டயஸிபாம் மாத்திரையை ஒரு வாரத்துக்கு மொத்தமாகக் கொடுக்காதீர்கள். இரண்டு நாளுக்குக் கொடுங்கள், அதையும் கூட இருப்பவர் கையில் கொடுங்கள். அந்த மாத்திரையோடு குவார்ட்டரும் சேர்ந்தால் மூச்சு அடங்கிவிடும். இதை அந்த அம்மாவிடம் இரண்டு முறை சொல்லி, அவரைத் திருப்பிச் சொல்ல வைத்துக் கேட்டபிறகுதான் அனுப்புவேன்.

மேலே சொன்ன ஆபத்துகளில் ஏதேனும் ஒன்று இருந்தால் வார்டுதான். தாலுகா மருத்துவமனையா, மருத்துவக் கல்லூரியா என்பது அடுத்த கேள்வி. முன்பெல்லாம் வேதாரண்யத்துக்காரருக்குத் தஞ்சாவூர்தான் கதி. ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். இப்போது திருவாரூரிலும் நாகப்பட்டினத்திலும் மருத்துவக் கல்லூரிகள் வந்துவிட்டன. நடுக்கம், வியர்வை, பதற்றம், ஒரு முறை வலிப்பு வந்து தெளிந்த நிலை ஆகியவற்றைத் தாலுகா மருத்துவமனையிலேயே பார்க்க முடியும், பார்க்கவும் வேண்டும். ஜன்னி அடங்காமல் ஏறுகிறது, அடுத்தடுத்து வலிப்பு வருகிறது, தலையை ஸ்கேன் எடுக்க வேண்டியிருக்கிறது என்றால் 108ஐக் கூப்பிடுங்கள். அனுப்பும் முன் முதல் டோஸ் மருந்தும் தயமின் எனும் வைட்டமின் பி1 ஊசியும் உள்ளே போயிருக்க வேண்டும். வெறும் சீட்டோடு அனுப்பினால் வழியிலேயே வலிப்பு வரும்.

குழப்பத்தோடு வரும் குடிநோயாளி எல்லோருக்கும் விலகல் ஜன்னி என்று முத்திரை குத்துவதுதான் நாம் அடிக்கடி செய்யும் பெரிய தவறு. விழுந்து மண்டைக்குள் இரத்தம் கட்டியிருக்கலாம். சர்க்கரை இறங்கியிருக்கலாம். ஈரல் கெட்டு மூளை மந்தமாகியிருக்கலாம். விலகலில் கை விறுவிறுவென்று உதறும். ஈரல் மயக்கத்தில் நீட்டிய கை கொக்கின் சிறகுபோல் தளர்ந்து தளர்ந்து விழும். இந்த வேறுபாட்டைக் கட்டில் அருகே நின்று பத்து விநாடியில் பார்த்துவிடலாம். முதலாமவருக்கு உயிர்காக்கும் மாத்திரை இரண்டாமவரை இன்னும் ஆழமான மயக்கத்தில் தள்ளிவிடும் என்பதால் அந்தப் பத்து விநாடி மிக முக்கியம்.

குடும்பம் கேட்கும் மூன்றாவது வழி தனியார் மறுவாழ்வு மையம். "வேனில் வந்து தூக்கிக்கொண்டு போவார்களாம் ஐயா, மூன்று மாதம் வெளியே விட மாட்டார்களாம்" என்று நிம்மதியாகச் சொல்வார்கள். அந்த நிம்மதி எனக்குப் புரிகிறது. பத்து வருடமாகத் தூங்காத குடும்பத்துக்கு மூன்று மாதத் தூக்கம் அது. நல்ல மையங்களும் இருக்கின்றன. ஆனால் முதல் ஐந்து நாள் அங்கே மருத்துவர் இருக்கிறாரா, செவிலியர் இரவில் தங்குகிறாரா, மையம் பதிவு பெற்றதா என்று கேட்டபிறகே அனுப்புங்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மதுவால் வரும் மனநலக் கோளாறுகளையும் உள்ளடக்கியது. சங்கிலியால் கட்டுவதை அது தடை செய்கிறது. சிகிச்சைக்கு நோயாளியின் ஒப்புதலைக் கேட்கிறது. அடித்துத் திருத்தும் இடத்துக்கு நோயாளியை அனுப்பும் சீட்டில் என் கையெழுத்து இருக்காது.

நான்காவதாக ஒரு வழி இதே மண்ணில் நடந்திருக்கிறது. அதை நாம் மறந்தேவிட்டோம். 1980இல் சென்னையில் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம், குடவாசல் பக்கம் மஞ்சக்குடி கிராமத்தில் குடிநோயாளிகளுக்கு முகாம் நடத்தியது. அந்த அனுபவத்தை, நிறுவனத்தைத் தொடங்கிய சாந்தி ரங்கநாதன் 1994இல் வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்றில் எழுதினார். நோயாளியை நகரத்துக்கு இழுக்காமல் மருத்துவக் குழு ஊருக்குப் போவது, ஊர்ப் பெரியவர்களையும் குடும்பத்தையும் சேர்த்துக்கொள்வது என்பதே அதன் சாரம். முகாமின் பலம் எனக்குத் தெரிகிறது: ஒரே தெருவில் ஐந்து பேர் ஒன்றாக நிறுத்தினால் ஒருவரையொருவர் கண்காணிக்கிறார்கள். குடிப்பதற்குக் கூட்டாளி வேண்டும் என்பதுபோல் குடிக்காமல் இருப்பதற்கும் கூட்டாளி வேண்டும். குறுவைக்கு முன், வயலில் வேலை குறைந்திருக்கும் சித்திரை, வைகாசியில் ஒரு வட்டாரத்துக்கு ஒரு முகாம் என்று சுகாதாரத் துறை யோசித்தால், மேட்டூரில் ஜூன் 12 தண்ணீர் திறப்பதற்குள் பலரை நிதானத்தோடு வயலில் இறக்கிவிடலாம்.

மருந்தை எப்படிக் கொடுப்பது?

இங்கே ஒப்பீடு எளிது; ஆனால் பாடநூல் சொல்லும் விடையிலிருந்து என் விடை மாறுகிறது. அறிகுறியை மணிக்கு மணி மதிப்பெண் போட்டு, கூடும்போது மட்டும் மருந்து கொடுப்பது ஒரு முறை. 1994இல் வெளியான ஆய்வில் இந்த முறையில் சிகிச்சை நேரம் 68 மணியிலிருந்து 9 மணியாகக் குறைந்தது, மருந்தின் அளவும் நான்கில் ஒரு பங்காயிற்று. அருமையான முறைதான். ஆனால் இரவு முழுவதும் நாற்பது படுக்கைக்கு ஒரே செவிலியர் இருக்கும் வார்டில், மணிக்கு மணி பத்து அம்சங்களுக்கு மதிப்பெண் போடுவது யார்? மதிப்பெண் போடாத இரவில் அந்த முறை, மருந்தே கொடுக்காத முறையாகிவிடும். ஆகவே எங்கள் வார்டில் நேர அட்டவணைப்படி கொடுக்கிறோம். டயஸிபாம் 10 மில்லிகிராம் நான்கு வேளை என்று தொடங்கி, நாளுக்கு ஐந்தில் ஒரு பங்காகக் குறைத்து, ஒவ்வொரு வேளையும் கொடுக்கும் முன் தூக்கம் அதிகமா என்று பார்த்துக் கொடுக்கிறோம். ஈரல் சுருங்கியவர்களுக்கும் வயதானவர்களுக்கும் லோரஸிபாம். ஈரல் சேதமானாலும் அது உடலில் தேங்குவது குறைவு.

தயமினைப் பற்றிச் சற்று நீட்டிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விலை குறைந்த இந்த ஊசியை மறந்ததால் நினைவாற்றலையே இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மதுவே சாப்பாடாகிப்போனவர் உடலில் தயமின் சில வாரங்களில் தீர்ந்துவிடும். குழப்பம், தள்ளாட்டம், கண் அசைவில் கோளாறு ஆகிய மூன்றும் சேர்ந்து வருவதை 1881இல் கார்ல் வெர்னிக்கே விவரித்தார். மூன்றும் சேர்ந்து வரக் காத்திருந்தால் பெரும்பாலோரைத் தவறவிடுவோம். சிறு பகுதியினருக்குத்தான் அவை ஒன்றாக வருகின்றன. சந்தேகம் வந்தாலே நரம்பு வழியாக 500 மில்லிகிராம், நாளுக்கு மூன்று வேளை. சந்தேகம் இல்லாதவருக்கும் தடுப்பாக ஊசி போடுங்கள். மாத்திரையை நம்பாதீர்கள், மதுவால் புண்ணான குடல் அதைச் சரியாக உறிஞ்சாது. குளுக்கோஸ் பாட்டிலைத் தொங்கவிடும் முன் தயமின் என்பது பழைய விதி. சர்க்கரை இறங்கி மயங்கிக் கிடப்பவருக்கு மட்டும் அந்த விதிக்காகக் காத்திருக்காமல், குளுக்கோஸோடு சேர்த்தே தயமினைப் போட்டுவிடுங்கள்.

நோயாளிகளுக்கு இதை நெல்லை வைத்து விளக்குவேன். ஊற வைத்து, அவித்து, காய வைக்கும்போது தவிட்டில் இருக்கும் இந்தச் சத்து அரிசிக்குள் இறங்குகிறது. அதனால்தான் தீட்டிய பச்சரிசியைவிடப் புழுங்கலில் அது அதிகம். "நம் பாட்டிகள் அவித்ததில் விஷயம் இருக்கிறது ஐயா" என்று ஒரு பெரியவர் சொன்னார். உண்மைதான். ஆனால் குடிப்பவருக்குப் புழுங்கல் சோறு மட்டும் போதாது. முதலில் அவர் சாப்பிட வேண்டும், அதுவரை ஊசி வேண்டும்.

நிறுத்தியபிறகு எந்த மாத்திரை?

நடுக்கம் நின்றதோடு சிகிச்சை முடிந்துவிட்டதாக நினைத்து டிஸ்சார்ஜ் செய்துவிடுகிறோம். கதவுக்கு வெளியே முப்பதாம் நாள் காத்திருக்கிறது. மறுபடி குடிக்காமலிருக்க உதவும் மருந்துகள் நான்கு. அவற்றில் முதலாவதைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டியிருக்கிறது.

டைசல்ஃபிரம். 1948இல் டென்மார்க்கில் இதன் பயன் கண்டறியப்பட்டது. மது உடைந்து வரும் அசிட்டால்டிஹைடை மேலும் உடையவிடாமல் தடுக்கிறது. மேலே குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, சிலருக்கு இரத்த அழுத்தம் சரிந்துவிடும். அந்த பயம்தான் மருந்து. இதயக் கோளாறு, கடும் ஈரல் நோய், மனச்சிதைவு உள்ளவர்களுக்குக் கூடாது. கடைசிக் குடியிலிருந்து ஒரு நாளாவது கழிந்திருக்க வேண்டும். மாத்திரையை நிறுத்தியபிறகும் இரண்டு வாரம்வரை அதன் வேலை தொடரும். நம் ஊரில் தனியாகச் சொல்ல வேண்டியது: தசமூலாரிஷ்டம் போன்ற அரிஷ்டங்களில் புளித்து உண்டாகும் ஆல்கஹால் இருக்கிறது. மூட்டுவலிக்கு அரிஷ்டம் குடித்து வாந்தியோடு வந்தவர், "சத்தியமாக நான் தொடவில்லை ஐயா" என்று அழுதார். அவர் சொன்னது உண்மை.

ஒரு நாள் ஓர் அம்மா வந்தார். கணவர் வரவில்லை. முந்தானையில் முடிந்து வைத்திருந்த பத்திரிகைத் துண்டை எடுத்து நீட்டினார். குடிப்பவருக்கே தெரியாமல் குடியை நிறுத்தும் பொடி என்று விளம்பரம். "இதை வாங்க வசதி இல்லை ஐயா. அந்த மாத்திரை நீங்கள் கொடுத்தால் ரசத்தில் கலந்து ஊற்றிவிடுவேன்." அவர் குரலில் வஞ்சனை இல்லை, களைப்பு மட்டுமே இருந்தது. மறுத்தேன். தெரியாமல் மாத்திரை சாப்பிட்ட மனிதர் அன்று மாலை வழக்கம்போல் ஒரு குவார்ட்டரைக் குடித்தால் என்ன ஆகும், அவருடைய இதயம் எப்படி இருக்கிறது என்று நம் இருவருக்கும் தெரியாதே என்று சொன்னேன். பிழைத்துவிட்டாலும், வீட்டுச் சோற்றில் மருந்து கலக்கிறார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து அவர் வீட்டில் சாப்பிட மாட்டார். வெறும் வயிற்றில் குடிப்பார். அந்த அம்மாவிடம் வேறொன்று கேட்டேன்: அவருக்குக் கால் எரிச்சலோ, தூக்கமின்மையோ, வாயுத் தொல்லையோ இருக்கிறதா? இருந்தது. "அதற்காக அழைத்து வாருங்கள் அம்மா, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்." இரண்டு வாரம் கழித்து அவர் வந்தார். கால் எரிச்சலில் தொடங்கித்தான் குவார்ட்டர் கணக்குக்கு வந்தோம்.

டைசல்ஃபிரத்தை அடியோடு ஒதுக்கவும் நான் விரும்பவில்லை. நோயாளி தானே கேட்டு, ஈரலும் இதயமும் நன்றாக இருந்து, தினமும் காலையில் தன் முன்னால் மாத்திரையை விழுங்கவைக்க ஓர் ஆளை அவரே தேர்ந்தெடுத்தால், அது நன்றாக வேலை செய்கிறது. மேற்பார்வை இல்லாத டைசல்ஃபிரம் பெரும்பாலும் அலமாரியில் கிடக்கிறது.

நால்ட்ரெக்ஸோன் குடியின் சுகத்தைக் குறைக்கிறது. நாளுக்கு 50 மில்லிகிராம், ஒரே மாத்திரை. கொஞ்சம் குடித்துவிட்டாலும் ஆபத்தில்லை, ஆனால் 'ஒன்று' நான்காக மாறுவது குறைகிறது. பதினொரு பேருக்குக் கொடுத்தால் கூடுதலாக ஒருவர் பழைய பெருங்குடிக்குத் திரும்பாமல் தடுக்கப்படுகிறார் என்று 2023இல் வெளிவந்த தொகுப்பாய்வு கணக்கிட்டது. இரத்த அழுத்த மாத்திரையோடு ஒப்பிட்டால் இது மோசமான கணக்கே இல்லை. டிரமடால் போன்ற வலிமாத்திரை எடுப்பவருக்குக் கூடாது. ஈரல் வீக்கம் கடுமையாக இருந்தாலும் தவிர்ப்பேன். முழுதாக நிறுத்த இன்னும் மனம் வராத கூலித் தொழிலாளிக்கு என் முதல் தேர்வு இதுதான். காலையில் ஒன்றைப் போட்டுக்கொண்டு வயலுக்குப் போய்விடலாம்.

அகாம்ப்ரோசேட் ஈரலைத் தொடுவதில்லை, சிறுநீரகம் வழியாகப் போகிறது. ஆகவே சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவைப் பார்த்துக் கொடுக்க வேண்டும். ஏற்கெனவே நிறுத்திவிட்டு, நிறுத்தியதைக் காப்பாற்ற நினைப்பவருக்கு நல்லது. ஆனால் நாளுக்கு ஆறு மாத்திரை, மூன்று வேளை. மதிய வேளை மாத்திரை பெரும்பாலும் சட்டைப்பையிலேயே வீடு திரும்புகிறது.

ஈரல் சுருங்கி, மகோதரம் வந்து வயிறு உப்பியவருக்கு பாக்லோஃபென். 2007இல் இத்தாலியில் ஈரல் சுருக்கமுள்ள 84 பேரிடம் நடந்த ஆய்வில், இதை எடுத்தவர்களில் 71 சதவீதமும் வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 29 சதவீதமும் குடிக்காமல் இருந்தார்கள். தூக்கம் அதிகமாகும், ஈரல் மயக்கம் வந்திருந்தால் கொடுக்க மாட்டேன். இந்த நோயாளிகளிடம் கீழாநெல்லி சாப்பிட்டீர்களா என்று கேட்டு நையாண்டி செய்வதை விட்டுவிட்டு ஒன்றைத் தெளிவாகச் சொல்லலாம்: ஈரல் சுருங்கியபிறகும் குடியை நிறுத்தினால் ஆயுள் கூடும். "இனி நிறுத்தி என்ன ஆகப்போகிறது" என்ற வார்த்தையை நோயாளி சொல்லலாம். மருத்துவர் சொல்லக் கூடாது.

பேசுவது யார்?

மாத்திரையைவிடக் கடினமான கேள்வி இது. மனநல மருத்துவர் வாரத்தில் ஒரு நாள் வருகிறார். நமக்கோ ஒரு நோயாளிக்கு மூன்று நிமிடம். கோவாவில் மருத்துவப் படிப்பில்லாத உள்ளூர் ஆலோசகர்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆரம்ப சுகாதார நிலையங்களில் நான்கு சந்திப்புவரை பேச வைத்தார்கள். 2017இல் வந்த முடிவு: மூன்று மாதத்தில் ஆபத்தான குடியிலிருந்து மீண்டவர்கள் அவர்களில் 36 சதவீதம், மற்றவர்களில் 26. முழு அடிமைநிலைக்கு வராத, நடுநிலை ஆபத்திலிருந்தவர்களின் கணக்கு அது. நம்மிடம் அந்த ஆட்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இரத்த அழுத்த மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் கொண்டுபோகும் தன்னார்வலர்களுக்கு, எந்த வீட்டில் மாலை ஆறு மணிக்குச் சத்தம் வரும் என்று நம்மைவிட நன்றாகத் தெரியும். நோயாளி சம்மதித்தால், அவர்களையே முப்பதாம் நாள் எட்டிப் பார்க்கச் சொல்கிறேன். சம்மதிக்காவிட்டால் சொல்ல மாட்டேன். ஊருக்குள் பேர் கெட்டுவிடும் என்ற பயம் சிகிச்சையைவிடப் பெரிது அவர்களுக்கு.

மறுபடி குடித்துவிட்டு வருபவரை எப்படி எதிர்கொள்கிறோம் என்பதைச் செவிலியர்களும் மருந்தாளுநர்களும் நம்மிடமிருந்துதான் கற்கிறார்கள். சர்க்கரை ஏறி வந்த நீரிழிவு நோயாளியைப் பார்த்து "மறுபடியும் வந்துவிட்டாயா" என்று நாம் கேட்பதில்லை. ஏழாவது முறையாகக் குடித்துவிட்டு வந்தவர் ஒருவர் வாசலிலேயே நின்றார். உள்ளே வரச் சொன்னதற்கு, "திட்டுவீர்களோ என்று நின்றேன் ஐயா" என்றார். ஆறு முறையும் எத்தனை நாள் குடிக்காமல் இருந்தார் என்று அவரிடமே கேட்டு எழுதினேன்: 9, 20, 15, 41, 30, 64. அந்தச் சீட்டை அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று நால்ட்ரெக்ஸோன் தொடங்கினோம்.

டிஸ்சார்ஜ் சீட்டில் கடைசியாக நான்கு விஷயங்கள் எழுதுகிறேன். அடுத்து வரவேண்டிய தேதி. அது ஒரு வாரத்துக்குள் இருக்க வேண்டும். கூட வரப்போகிறவரின் பெயர், நோயாளியே சொன்னது. கை உதறினாலோ வலிப்பு வந்தாலோ எங்கே வர வேண்டும் என்ற விவரம். இரவில் பேச ஆள் வேண்டுமென்றால் மனநல உதவிக்கு 14416, போதை மீட்பு உதவிக்கு 14446. படிக்கத் தெரியாதவர் என்றால் கூட இருப்பவரின் கைப்பேசியில் இரண்டு எண்களையும் நானே பதிந்து கொடுக்கிறேன்.

புதன்கிழமை காலை இவர்களுக்கென்று ஒதுக்கியது. இன்று பன்னிரண்டு பேர் வர வேண்டும். ஒன்பது பேர் வந்து போய்விட்டார்கள். மற்ற மூவரில் இருவர் அறுவடைக்குப் போயிருப்பதாகத் தகவல். மூன்றாமவரின் மனைவிக்கு மதியம் போன் செய்ய வேண்டும். அவருக்கு இன்று மூன்றாம் நாள்.